பீரோவில் உறங்கும் காமிரா

சென்ற ஆண்டு எங்கள் பாட்டி மறைந்தார். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்றார்கள். என் கைப்பேசியில் பாட்டியின் படங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. மிக அழகானதைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக அச்சிட்டு, அப்பாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "படம் அழகாகத்தான் இருக்கிறது; எங்கள் அம்மாவைத்தான் காணோம்" என்றார்.

உற்று நோக்கினேன். நெற்றியில் பச்சை குத்தியிருந்த புள்ளி மங்கியிருந்தது. கன்னத்துச் சுருக்கங்கள் கரைந்திருந்தன. கருத்த முகம் மாநிறமாகியிருந்தது. பிறகு, பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய சட்டைப்பைக் காமிராவின் அட்டையில், 2009-இல் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. திண்ணையில் அமர்ந்து பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படமே சுவரேறியது.

ஏன் இந்த வேறுபாடு? விடை தேடி நான் கற்றவற்றை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசியைக் காண்போம். நாம் பொத்தானை ஒருமுறை தொடுகிறோம். இன்றைய கைப்பேசியோ அதற்குள் பல படங்களை அடுத்தடுத்து எடுத்துவிடுகிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருளை வெளிச்சமாக்கி, வெளிறிய வானத்தை நீலமாக்கி, ஒரே படமாகத் தருகிறது. மெல்லிய உடலுக்குள் பெரிய லென்சுக்கு இடமில்லை; அந்தக் குறையைக் கணக்கினால் ஈடு செய்கிறது. இது குற்றமன்று, வியந்து பாராட்டத்தக்க திறமை. ஆயினும் பல கைப்பேசிகளில் முகத்தை மெருகூட்டும் ஏற்பாடும் சேர்ந்தே இருக்கிறது. என் கைப்பேசியில் அது இயங்கிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. பாட்டியின் முகத்தைத் திருத்தியது அதுதான்.

பழைய காமிராவின் வேலை எளியது. ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை ஒளியை வாங்கும். நிறத்தையும் கூர்மையையும் அதுவும் சிறிது சரி செய்யும், அவ்வளவே. சுருக்கத்தை அகற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அதற்குக் கிடையாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்கிவிட வேண்டும். பழைய காமிராவில் உள்ள சி.சி.டி. சில்லுக்கே தனி நிறம் உண்டு என்று பலர் சொல்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டது அந்தச் சில்லு. அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். பெருமைக்குரியதே. ஆனால் சில்லு ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. அதன்மேல் பதித்த சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளும், காமிராவுக்குள் எழுதிவைத்த கணக்குமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, சி.சி.டி. என்ற பெயருக்காக எவரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

சரி, பழைய காமிரா எங்கே மேம்படுகிறது? இரண்டு இடங்களைச் சொல்வேன்.

ஒன்று, பிளாஷ். கைப்பேசியில் இருப்பது சிறு விளக்கு. காமிராவில் இருப்பது செனான் வாயுக் குழாய். அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியளவே மின்னும். ஆனால் பன்மடங்கு ஒளியுடன் மின்னும். நம் பொங்கல் விழாவில் இரவில் கும்மியடித்தவர்களை இரண்டாலும் எடுத்துப் பார்த்தேன். கைப்பேசிப் படத்தில் மேடையெல்லாம் வெளிச்சம். கைகள் மட்டும் புகைபோல் கலைந்திருந்தன. காமிராப் படத்தில் பின்புறம் இருட்டு. தட்டிய கைகளோ வளையல் உட்பட அப்படியே நின்றன. ஏறத்தாழ 10 அடிக்குள் நிற்பவர்களுக்கே இந்த ஒளி எட்டும் என்பதை மறவாதீர்கள்.

மற்றொன்று, லென்ஸ். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். நெருக்கம்தான் அதற்குக் காரணம். காமிராவின் ஜூம் பெரும்பாலும் 3 மடங்கு இருக்கும். ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூமை முழுதும் நீட்டி எடுங்கள். முகம் முகமாகவே இருக்கும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பிளாஷ் இல்லாத இருட்டில் பழைய காமிரா தோற்றுவிடும். அதன் சில்லின் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்; இன்று பல கைப்பேசிகளில் அதைவிடப் பெரிய சில்லு உண்டு. எனவே ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-இல் நிறுத்துங்கள். 400-ஐத் தாண்டினால் படம் மணல் தூவியதுபோல் ஆகும். நண்பகல் வானம் வெளுத்துப் போனால், ஒளியைச் சற்றே குறைத்து எடுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தி, குவியம் நிலைத்தபின் முழுதும் அழுத்துங்கள், தாமதம் குறையும். படம் சிறியது என்று அஞ்ச வேண்டாம். 70 லட்சம் புள்ளிகள் கொண்ட படம் 10 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சாகும்.

வீட்டில் காமிரா இல்லாதவர்கள் நம் தில்லியிலேயே, சாந்தினி சௌக்கில் உள்ள கூச்சா சௌத்ரி கடைகளில் விசாரிக்கலாம். வாங்குமுன் லென்ஸ் தடையின்றி வெளிவந்து உள்ளே போகிறதா, மின்கலம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அட்டையையும் கேட்டு வாங்குங்கள். 2006-க்கு முற்பட்ட காமிராக்கள் பெரும்பாலும் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. அட்டையை ஏற்கமாட்டா. சில காமிராக்களுக்கு உரிய அட்டைகளே இன்று கிடைப்பது அரிது. வாங்கியதும் தேதியைச் சரி செய்யுங்கள். இல்லையேல் படம் இருக்கும், காலம் இருக்காது.

கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் முக மெருகை இன்றே அணைத்துவிடுங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது பீரோவைத் திறந்து பாருங்கள். காமிரா இருந்தால் அதன் அட்டையில் உள்ளவற்றை முதலில் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். அட்டையும் ஒருநாள் பழுதாகும். பிறகு மின்கலத்துக்கு உயிரூட்டி, தாத்தாவையும் பாட்டியையும் திண்ணையில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். அவர்கள் முகத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் நமக்கு வேண்டும்.