தாளா, ஆளா?

"தாளைத்தான் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை" என்பார்கள் ஆசிரியர்கள். "டீச்சருக்கு அவளைப் பிடிக்கும், அதான் மார்க்" என்பார்கள் பிள்ளைகள். ஆய்வுகள் இரண்டு பேச்சையும் திருத்துகின்றன.

நம்பிக்கை: நேர்மையான ஆசிரியருக்கு யார் எழுதியது என்பது பொருட்டே அல்ல.

உண்மை: ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் ஒரு சோதனை நடத்தினார்கள், முடிவு 2012இல் வெளியானது. குழந்தைகளின் விடைத்தாள்களை நகலெடுத்து, முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அதற்கான காரணம் விடையில் இல்லை.

நம்பிக்கை: அப்படியானால் அது ஆதிக்கச் சாதி ஆசிரியர்களின் வேலை.

உண்மை: அதே ஆய்வில் இந்தச் சாய்வு ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களிடம்தான் வெளிப்பட்டது. விடைத்தாள் கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில் அது கூடுதலாகவும் இருந்தது. வெறுப்புதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. எதற்கு எவ்வளவு போடுவது என்று கை பழகுவதற்கு முன், முகப்பில் இருப்பது கணக்கில் நுழைந்துவிடலாம்.

நம்பிக்கை: பாரபட்சம் என்றால் பாதிக்கப்படுவது பெண்பிள்ளைகளே.

உண்மை: அந்த இந்திய ஆய்வில் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை. இஸ்ரேலில் விக்டர் லாவி 2008இல் வெளியிட்ட ஆய்வோ வேறு கதை சொன்னது. பெயர் தெரியாமல் வெளியாட்கள் திருத்திய தேர்வையும், சொந்த ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிட்டபோது, ஆசிரியர் கையில் இழந்தவர்கள் பையன்கள்.

நம்பிக்கை: கட்டுரையில்தான் இந்தச் சிக்கல், கணக்குக்கு விடை ஒன்றுதானே?

உண்மை: 1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச்சும் எலியட்டும் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 30க்குக் கீழேயும் மதிப்பெண் வந்தது, 90க்கு மேலேயும் வந்தது. விடை ஒன்றானாலும் ஸ்டெப் மார்க் அவரவர் கையில். சாய்வு புகுவது அந்த இடைவெளியில்தான்.

நம்பிக்கை: ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

உண்மை: மனத்தைவிட முறை உதவும். 2020இல் வெளியான டேவிட் குவின் ஆய்வில், எழுதியது கறுப்பினச் சிறுவன் என்று தோன்றியபோது, ஒரே எழுத்து 'வகுப்புத் தரத்துக்கு உரியது' என்ற மதிப்பீட்டைப் பெறுவது குறைந்தது. எதற்கு என்ன மதிப்பு என்று தெளிவாக வரையறுத்த அளவுகோலைக் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை.

நம் பொதுத்தேர்வில் மாணவரின் அடையாளத்தை மறைத்து, விடைக்குறிப்பும் கொடுத்துத்தான் திருத்தச் சொல்கிறார்கள். பள்ளித் தேர்வுகளிலும் பிளஸ் டூ அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணிலும் பிள்ளை யார் என்பது தெரிந்தே இருக்கிறது. பள்ளித் தேர்வுக்காவது பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். கட்டு முழுவதும் முதல் கேள்வியைத் திருத்திவிட்டு இரண்டாவதுக்குப் போகலாம். முதலில் திருத்திய சில தாள்களை முடிவில் மறுபடி பார்க்கலாம். இதற்கெல்லாம் அரசாணை வரக் காத்திருக்க வேண்டியதில்லை.