எடை குறைந்த லேப்டாப்பா, சக்தி மிக்க லேப்டாப்பா?

முதன் முதலாக லேப்டாப் வாங்கச் செல்பவர்கள் முன் கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைப்பார். ஒன்று ஒன்றேகால் கிலோ எடையில், பரீட்சை அட்டை போல மெல்லியதாக இருக்கும். மற்றொன்று இரண்டரை கிலோ எடையில், பின்புறம் காற்றுத் துளைகளும் கீபோர்டில் வண்ண விளக்குகளுமாக இருக்கும். விலை இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதும் உண்டு. "சார், அதே பணம்தான், இதில் பவர் அதிகம்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்தப் பவர் எப்போது கிடைக்கும், அதற்கு நாம் வேறு என்ன கொடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்ல மாட்டார். ஒரு முறை வாங்கினால் நான்கைந்து ஆண்டுகள் அதனுடன்தான் இருக்கப் போகிறோம் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

எல்லாம் வாட் கணக்கு

லேப்டாப்பின் வேகத்தை முடிவு செய்வது பிராசசரின் பெயர் மட்டுமல்ல. அது எத்தனை வாட் மின்சாரத்தை எடுத்துக் கொள்ள அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதும்தான். எடுத்துக் கொள்ளும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறும். அந்த வெப்பத்தை வெளியேற்றச் செம்புக் குழாய்களும் மின்விசிறிகளும் தேவை. அவற்றிற்கு இடம் வேண்டும். இடம் என்றால் எடை. சக்தி மிக்க லேப்டாப் கனமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இன்டெல் பிராசசர்களின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். 12, 13ஆம் தலைமுறை பிராசசர்களில் யு என்று முடிந்தால் அதன் அடிப்படை மின் அளவு பெரும்பாலும் 15 வாட். ஹெச் என்று முடிந்தால் 45 வாட். எச்எக்ஸ் என்றால் 55 வாட். 2023 இறுதியில் வந்த கோர் அல்ட்ரா வரிசையில் இந்த அளவுகள் கொஞ்சம் மாறிவிட்டன. ஆனாலும் யு குறைவு, ஹெச் அதிகம் என்ற வரிசை அப்படியே உள்ளது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களிலும் ஏறத்தாழ இதே எழுத்து முறைதான்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐ7 என்றால் ஐ5ஐ விட வேகம் என்று நினைக்கிறோம். கோர் ஐ7-1355யு பிராசசரில் சக்தி மிக்க கோர்கள் இரண்டுதான்; மின்சிக்கனக் கோர்கள் எட்டு. கோர் ஐ5-13500ஹெச் பிராசசரில் சக்தி மிக்க கோர்கள் நான்கு. மின்சிக்கனக் கோர்கள் எட்டு. ஒரு மணி நேர வீடியோவை வேறு வடிவத்திற்கு மாற்றும் வேலையைக் கொடுத்தால் இந்த ஐ5, அந்த ஐ7ஐ முந்திவிடும். அதே நேரத்தில் இணையம் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது, எக்செல் கணக்கு போடுவது ஆகியவற்றில் இரண்டிற்கும் வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கிராபிக்ஸ் சிப்பிலும் இதே கதை உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயரில் வரும் லேப்டாப் சிப் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைக்கப்படலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் ஒன்றல்ல. இந்த வாட் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் தயாரிப்பாளரின் இணைய தளத்தில் அந்த மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

முதல் நிமிடமும் இருபதாவது நிமிடமும்

ஷோரூமில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எந்த லேப்டாப்பும் வேகமாகத்தான் இருக்கும். மெல்லிய லேப்டாப்கள் வேலை தொடங்கிய முதல் சில நிமிடங்களுக்கு நிர்ணயித்த அளவைவிட அதிக மின்சாரம் எடுத்து ஓடும். பிராசசர் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக் கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் இந்தக் குறைப்பு இன்னும் சீக்கிரம் தொடங்கும். உள்ளே இழுக்கப்படும் காற்றே 38 டிகிரியில் இருந்தால் அது எதைக் குளிர வைக்கும்?

எனவே கேட்க வேண்டிய கேள்வி, "என் வேலை எவ்வளவு கடினம்?" என்பதல்ல. "தொடர்ந்து எவ்வளவு நேரம் கடினம்?" என்பதே. போட்டோ ஒன்றைத் திருத்துவது சில நொடி வேலை. மெல்லிய லேப்டாப் அதைச் சமாளிக்கும். திருமண வீடியோ எடிட்டிங், முப்பரிமாண அனிமேஷன், புதிய கேம்கள் ஆகியவை மணிக்கணக்கில் பிராசசரை வாட்டும். இவற்றுக்குக் கனமான லேப்டாப்தான் சரி.

மெல்லியது என்றாலே மந்தமானது என்ற எண்ணமும் இன்று சரியல்ல. 2007ல் வந்த ஏசூஸ் ஈ பிசி ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, ஏழு அங்குலத் திரை. அதில் இணையம் பார்ப்பதே பொறுமையைச் சோதிக்கும். 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் வந்த மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது. ஆனாலும் வீடியோ எடிட்டிங் வரை செய்ய முடிந்தது. நீண்ட நேரம் ஓட்டினால் அதுவும் வேகத்தைக் குறைக்கும் என்பது வேறு விஷயம்.

பேட்டரி தரும் அதிர்ச்சி

பேட்டரியின் கொள்ளளவு வாட் ஹவர் என்ற அலகில் தரப்படும். கணக்கு மிக எளிது. 55 வாட் ஹவர் பேட்டரி உள்ள மெல்லிய லேப்டாப், சாதாரண வேலையில் 7 வாட் எடுத்தால் எட்டு மணி நேரத்தை நெருங்கும். 70 வாட் ஹவர் பேட்டரி உள்ள பெரிய லேப்டாப் அதே வேலைக்கு 15 வாட் எடுத்தால் நாலரை மணி நேரம். கேம் விளையாடும்போது 140 வாட் எடுத்தால்? அரை மணி நேரம்தான். அந்த அளவு மின்சாரத்தைப் பேட்டரியால் எளிதில் தரவும் முடியாது. அதனால் சார்ஜரைக் கழற்றியவுடன் இந்த லேப்டாப்கள் கிராபிக்ஸ் வேகத்தைப் பெருமளவு குறைத்துக் கொள்ளும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய பவர் சுவரில் உள்ள பிளக் அருகே மட்டுமே கிடைக்கும்.

எடைக் கணக்கில் சார்ஜரைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். மெல்லிய லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் கால் கிலோ அளவில் இருக்கும். பல மாடல்களில் அது யுஎஸ்பி-சி வகை என்பதால் மொபைலுக்கும் அதையே பயன்படுத்தலாம். 230 வாட் சார்ஜர் செங்கல் போல இருக்கும். முக்கால் கிலோ வரை வரலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தோளில் ஒன்றரை கிலோவா, மூன்று கிலோவுக்கு மேலா என்பது சின்ன வேறுபாடு அல்ல.

ஒரு வீட்டின் கணக்கு

அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்; கணக்கு டேலியில். மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டல் வாசம். சீட்டு எடுத்த பணத்தில் ஒரே ஒரு லேப்டாப் வாங்க வேண்டும். மகள் சாலிட்ஒர்க்ஸ் படிக்க வேண்டும் என்று சீனியர்கள் சொன்னதால் கேமிங் லேப்டாப் கேட்கிறாள். என்ன செய்வது?

முதலில் பாடத்திட்டத்தைப் பாருங்கள். முதல் ஆண்டில் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், புரோகிராமிங் அடிப்படைகள், எளிய வரைபடங்கள். இவற்றிற்கு 16 ஜிபி மெமரியுள்ள மெல்லிய லேப்டாப் தாராளம். மாணவர்கள் பயிற்சிக்கு வரையும் சிறிய பாகங்களை சாலிட்ஒர்க்ஸில் வரையவும் அது போதும். நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளி, வெப்பம் மற்றும் அழுத்தச் சோதனைகள் என்று வரும்போதுதான் திணறும். அதற்குக் கல்லூரியின் கேட் லேப் இருக்கிறது. அதன் நேரத்தையும், மாலையில் மாணவர்களை அனுமதிக்கிறார்களா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். அனுமதி உண்டு என்றால், இந்த வீட்டுக்கு நான் மெல்லியதையே சொல்வேன். லேப் கிடையாது, அல்லது மகள் சேர்ந்திருப்பது ஆர்க்கிடெக்சர் என்றால் என் பதில் மாறும். அப்போது கனமானதை வாங்கி ஹாஸ்டல் மேசையில் நிரந்தரமாக வைத்துவிடலாம்.

இதில் இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதற்கு எஸ்எஸ்டியும் கூடுதல் மெமரியும் போட்டு டேலிக்கு வைத்துக் கொண்டு, லேப்டாப்பை மகளுக்கே விட்டுவிடலாம். கடையையும் ஹாஸ்டலையும் ஒரே லேப்டாப் கவனிக்க முடியாது என்பது பவரைவிடப் பெரிய பிரச்னை.

டேலி பயன்படுத்துவோர் நம்பர் பேட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 13, 14 அங்குல லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. தனியாக யுஎஸ்பி நம்பர் பேட் வாங்கி இணைத்துக் கொள்ளலாம்.

வாங்கும் முன் கேளுங்கள்

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் மெமரி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்டவே முடியாது. "இப்போது 8 ஜிபி போதும், அடுத்த வருடம் சேர்த்துக் கொள்ளலாம்" என்ற யோசனை இங்கே செல்லாது. வாங்கும்போதே 16 ஜிபி வாங்கிவிடுங்கள். கனமான லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்கள் இருக்கும்.

2024 முதல் ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப்புடன் வரும் விண்டோஸ் லேப்டாப்கள் எடை குறைந்தவை. பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் வழக்கமான இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களுக்காக எழுதப்பட்ட டிரைவர்கள் இவற்றில் இயங்காது. பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அதற்கான டிரைவர் கிடைக்கிறதா என்று உறுதி செய்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். மேக்புக் வாங்க நினைக்கும் மாணவர்களும் சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸுக்கானது என்பதை மனதில் கொள்ளவும்.

கனமானதைத்தான் வாங்கினீர்கள் என்றால் அதை மெத்தை மீது வைத்துப் பயன்படுத்தாதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, நீங்கள் பணம் கொடுத்த வேகம் குறைந்துவிடும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்பதால், தயாரிப்பாளர் தரும் செட்டிங்ஸ் புரோகிராமில் சார்ஜிங்கை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் முதல் நாளே அதனை இயக்கி வைத்துவிடுங்கள். முழுச் சார்ஜிலும் சூட்டிலும் தொடர்ந்து கிடக்கும் பேட்டரி விரைவில் தேய்ந்துவிடும்.