புகை ஏன் திரும்பி வருகிறது?

புகை மேலே செல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது எப்போது மேலே செல்லாது என்பதைத் தெரிந்துகொள்வதோ உயிர் காக்கும் அறிவாகும்.

புகைக்கூடம் தரும் பாடம்

பேராக் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் பணியாற்றிய புகைக்கூடங்களை எண்ணிப் பாருங்கள். பாலை உறைய வைத்து, உருளையில் தட்டையாக்கிய ஷீட்டுகள் அங்கே தொங்கும். விறகுத் தீயின் சூட்டிலும் புகையிலும் அவை சில நாள்கள் உலரும். கீழே காற்று நுழைய வழியும், கூரையில் புகை வெளியேற வழியும் இருக்கும். கீழ்வழியை அடைத்தால் மேல்வழியும் பயன்படாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும்.

இழுவிசையின் கணக்கு

30 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோ, 100 பாகையில் 0.95 கிலோ. இந்த வேறுபாடே புகையை மேலே இழுக்கிறது. 4 மீட்டர் உயரப் புகைபோக்கியில் இதனால் கிடைக்கும் இழுவிசை 8 அல்லது 9 பாஸ்கல் மட்டுமே. வெளியே 0 பாகைக் குளிர் இருந்தால் அது 13 பாஸ்கலைத் தாண்டும். ஆகவே, நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் புகைபோக்கி இயல்பாகவே வலுக்குறைந்தது.

இனி, சமையலறைக் காற்றாடியைப் பார்ப்போம். அது மணிக்கு 600 கனமீட்டர் காற்றை வெளியேற்றுவதாகக் கொள்வோம். சன்னல்களை மூடிய வீட்டில் இடுக்குகளின் மொத்தப் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்றால், உள்ளே அழுத்தம் 25 பாஸ்கலுக்கும் மேல் குறையும். புகைபோக்கி தோற்றுவிடும், காற்று அதன் வழியாகவே உள்ளே இறங்கும், புகையையும் கொண்டு வரும். அரைச் சதுர மீட்டர் சன்னலைத் திறந்தால் அந்த அழுத்தக் குறைவு ஒரு பாஸ்கலைக்கூட எட்டாது.

நமக்கு எங்கே ஆபத்து?

பழைய லயத்து வீடுகளின் விறகடுப்பு கண்ணை எரித்தது. ஆனால் பலகை இடுக்கிலும் கூரையடியிலும் காற்று ஓடியது. இன்றைய ஈப்போ வீடுகளில் குளிர்சாதனத்திற்காகச் சன்னல்களை மூடிவிடுகிறோம். அத்தகைய வீட்டில் புகைக்குழாயுடன் கூடிய எரிவாயு சுடுநீர்க் கருவி இருந்தால் கவனம் தேவை. தாப்பாவிலிருந்து மலையேறிக் கேமரன் மலையில் கணப்படுப்பு உள்ள பழைய பங்களாவில் தங்குவோருக்கும் இது பொருந்தும்.

அங்கே குளிருக்காகச் சன்னல்களை மூடித் தீ மூட்டுவோம். சமையலறையில் காற்றாடி சுழலும். தீ தணிந்து தணலாகும் நேரமே மிகவும் ஆபத்தானது. அப்போது புகைபோக்கி குளிர்ந்து இழுவிசை குறையும். கண்ணுக்குப் புகை தெரியாது. ஆனால் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். உறங்குபவருக்கு அவையும் தெரியாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

1. தீ மூட்டுமுன் எல்லாக் காற்றாடிகளையும் இயக்கி, அடுப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் திரும்பினால் தீ மூட்டாதீர்கள்.
2. தீ எரியும்போது காற்றாடியை நிறுத்துங்கள்; சன்னலைத் திறந்து வையுங்கள்.
3. தணல் முழுதும் அணையாமல் உறங்கச் செல்லாதீர்கள்.
4. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.
5. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு மலையேறும்போது போர்வையோடு ஓர் ஊதுபத்திக் கட்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.