பரங்கிக்கு உறவா, சுரைக்கு ஜோடியா?

மாடித்தோட்டக்காரர்களிடம் இப்போது பட்டர்நட், சுக்கினி, ஸ்பகெட்டி பூசணி விதைகள் தாராளமாகக் கைமாறுகின்றன. காய்த்த பிறகு, "இதை என்ன செய்ய?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நமக்குத் தெரிந்த எந்தக் காய்க்கு அது நெருக்கம் என்று பாருங்கள்.

பட்டர்நட் நம் பரங்கியின் இனமே. பரங்கிக்குத் தரும் வெயிலும் தொழுவுரமும் கொடி ஓட இடமும் கொடுத்தால் போதும். மாடியில் தேனீ வரத்து குறைவு என்பதால் மகரந்தத்தை நானே சேர்க்கிறேன். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். இதைத் தவறவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். மிஞ்சும் ஆண் பூக்கள் பஜ்ஜிக்கு அருமை.

தோலில் நகம் இறங்காத பதத்தில், இரண்டு அங்குலக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வைத்திருங்கள், இனிப்பு கூடும். விதையில்லாத கழுத்துப் பகுதி பால் கூட்டுக்கென்றே பிறந்தது.

சுக்கினியைச் சுரைக்காய் மாதிரி பிஞ்சிலேயே பறித்து, பாசிப்பருப்போடு சேர்க்கலாம். ஸ்பகெட்டி பூசணியை நன்றாக முற்றவிட வேண்டும். அதன் நார் காயைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. நீளவாக்கில் பிளந்தால் நார் துண்டாகிவிடும். வளையங்களாக அறுத்து, விதை நீக்கி, இட்லிப் பானையில் குழையாமல் வேகவைத்துச் சுரண்டினால் சேவை போல உதிரும். எலுமிச்சை, கடுகு, பெருங்காயத் தாளிப்பு அதற்கு அப்படிப் பொருந்துகிறது!

சமைக்கும் முன் சுக்கினியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காயில் உள்ள அதே வகை நஞ்சு இது, வேகவைத்தாலும் போகாது. 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்தே போனார். அழகுக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகளோடு கலப்பாகும் விதையிலிருந்து இந்தக் கசப்பு வரலாம். பட்டர்நட்டும் பக்கத்துப் பரங்கியோடு கலக்கும்; அந்த ஆண்டுக் காய் மாறாது, அதன் விதையில் வரும் செடிதான் மாறும். ஆகவே விதைக்கென்று விடும் காய்க்கு, மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை முதல்நாள் மாலையே நூலால் கட்டிவையுங்கள். காலையில் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள்.