கடைசி மூணு மாசம்: எவ்வளவு செலவு என்பதை விட, எந்தத் தேதியில் செலவு?

"பிரசவத்துக்கு எவ்வளவு சேர்த்து வைக்கணும்?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்கு அடிக்கடி வரும். கேட்கிறவங்க பெரும்பாலும் ஏழாவது மாசத்துல இருப்பாங்க, இல்லன்னா அவங்க கணவர் கேட்பார். ராத்திரி தூக்கம் வராது, கால் வீங்கும், அதோட சேர்ந்து இந்தக் காசுக் கவலையும் ஓடும்.

ஒரு சிஏவா எனக்குத் தெரிஞ்ச பதில் இது: கடைசி மூணு மாசத்துல நிறைய குடும்பங்கள் திணறுறது மொத்தத் தொகையால் கிடையாது. காசு வர்ற தேதியும் கட்ட வேண்டிய தேதியும் பொருந்தாததால்தான். கம்பெனி கணக்குல லாபம் இருந்தும் சம்பளம் போட கையில் காசு இல்லாம தவிக்கிற கம்பெனிகள் உண்டு. வீட்டுக்கும் அதே கதைதான். அதனால இந்தப் பதிவுல ஒரு தேதிக் கணக்கு போடப் போறோம்.

1. முதல்ல ஊரை முடிவு பண்ணுங்க

தலைப்பிரசவம் அம்மா வீட்டுல என்பது நம்ம வழக்கம். வளைகாப்பு முடிஞ்சதும் சென்னையில இருந்தோ பெங்களூருல இருந்தோ சொந்த ஊருக்குக் கிளம்புவாங்க. ஆனா இந்தப் பயணத்தோட சேர்த்து மாறுற விஷயங்களை யாரும் எழுதி வைக்கிறதில்ல. ஆஸ்பத்திரி மாறும், டாக்டர் மாறுவார். கூடவே இன்சூரன்ஸ் பணம் கட்டுற முறையும் மாறிடலாம்.

சென்னையில நீங்க பார்த்துட்டு இருந்த ஆஸ்பத்திரி உங்க கம்பெனி இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கும். ஊர்ல இருக்கிற, உங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச நர்ஸிங் ஹோம் அதில் இல்லாம போகலாம். அப்போ கேஷ்லெஸ் பெரும்பாலும் கிடைக்காது. முழு பில்லையும் நீங்க கட்டிட்டு, அப்புறம் பில் அனுப்பி திரும்ப வாங்கணும்.

எந்த ஊர், எந்த டாக்டர் என்பதுல உடல்நிலைதான் முதல் காரணம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர் சொல்றதுதான் முடிவு. ஆனா முடிவை ஏழாவது மாசத்துலயே எடுங்க. மத்த எல்லாக் கணக்கும் அதுல இருந்துதான் ஆரம்பிக்கும்.

2. லீவு எந்தத் தேதியில் ஆரம்பிக்கணும்?

1961-ம் ஆண்டு பேறுகாலப் பயன் சட்டமும் அதன் 2017 திருத்தமும் சொன்னது இதுதான். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. அதில் பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். எதிர்பார்க்கிற பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாசத்துல குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்துல வேலை பார்த்திருக்கணும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம்தான்.

26 வாரம்னா 182 நாள். சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் இதுக்குள்ள சேர்த்தி. ஒரு உதாரணம் பார்க்கலாம். டாக்டர் சொன்ன தேதி ஜூன் 15.

ஏப்ரல் 20-ல் லீவு ஆரம்பிச்சா, 8 வாரம் முன்னாடியே போயிடும். லீவு முடியுறது அக்டோபர் 18. வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாசம்.

ஜூன் 1-ல் ஆரம்பிச்சா, லீவு நவம்பர் 29 வரை போகும். அப்போ குழந்தைக்கு ஐந்தரை மாசம்.

முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லி டாக்டர்கள் சொல்றாங்க. அப்படிப் பார்த்தா இந்த ஒன்றரை மாச வித்தியாசம் பெருசு. அதுக்காக உடம்பை வருத்திக்கிட்டு கடைசி நாள் வரை ஆபீஸ் போகணும்னு நான் சொல்லல. முடியலைன்னா இன்னொரு வழி சட்டத்துலயே இருக்கு, பல பேருக்குத் தெரியாது. கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம் காரணமா உடல்நலம் பாதிச்சா, டாக்டர் சான்றிதழ் கொடுத்து அதிகபட்சம் ஒரு மாசம் சம்பளத்தோட கூடுதல் லீவு கேட்கலாம். இது 26 வாரத்துக்கு மேல.

லீவு முடிஞ்ச பிறகு வீட்டுல இருந்து வேலை பார்க்கிறதுக்கும் சட்டம் இடம் கொடுக்குது. ஆனா வேலையோட தன்மை ஒத்து வரணும், நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கணும். அதனால இந்தப் பேச்சையும் லீவு போறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட ஆரம்பிச்சு, மெயில்ல பதிவு பண்ணி வைங்க.

உங்க சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான மாசம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிச்சாங்கன்னா, இந்தப் பணம் கம்பெனி தராது, இ.எஸ்.ஐ. தரும். அதுக்கும் 26 வாரம்தான். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்துல 70 நாள் பங்களிப்பு இருக்கணும். தனியா விண்ணப்பிக்கணும் என்பதால, உங்க இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இப்பவே ஒரு நடை போயிட்டு வந்துடுங்க.

3. "உடம்பு முடியல, வேலையை விட்டுடு"

வீட்டுல பாசத்தோட சொல்ற வார்த்தைதான் இது. ஆனா ஏழாவது மாசத்துல ராஜினாமா கொடுத்தா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போடுங்க.

மாசம் 45,000 ரூபாய் சம்பளம்னு வைங்க. 26 வாரம்னா ஏறக்குறைய ஆறு மாசம், அதாவது 2,70,000 ரூபாய். அது போச்சு. கம்பெனி குரூப் இன்சூரன்ஸும் பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அதில் பிரசவத்துக்கு 60,000 ரூபாய் வரம்பு இருந்ததுன்னா அதுவும் போச்சு. ஆக மொத்தம் 3,30,000 ரூபாய். "சரி, தனியா ஒரு பாலிசி எடுத்துக்கலாம்"னு நினைச்சா நடக்காது. தனிநபர் பாலிசிகள்ல பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், பலதுல அது வருஷக் கணக்கு.

வேலையை விடுறதும் தொடர்றதும் உங்க இஷ்டம். ஆனா அந்த முடிவை லீவோட கடைசி மாசத்துல, குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு எடுங்க. இப்போ எடுக்காதீங்க.

கம்பெனியே மறைமுகமா "ரிசைன் பண்ணிடுங்களேன்"னு சொன்னா? பேறுகால லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குறது சட்டவிரோதம். பிரசவம் நெருங்குற வாரங்கள்ல, நீங்க கேட்டுக்கிட்டா, ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே செய்ற வேலையோ கடினமான வேலையோ கொடுக்கக் கூடாது. அதைக் காரணம் காட்டி சம்பளமும் குறைக்கக் கூடாது. வாய்ப்பேச்சா விடாம எல்லாத்தையும் மெயில்ல கேளுங்க. வழிக்கு வரலைன்னா தொழிலாளர் துறையில புகார் கொடுக்கலாம்.

4. இன்சூரன்ஸ்: எச்.ஆர்.கிட்ட கேட்க வேண்டிய ஐந்து கேள்வி

1. பிரசவத்துக்கு வரம்பு எவ்வளவு? சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியா?
2. நான் போகப் போற ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கா? முன்கூட்டியே அனுமதி எப்போ வாங்கணும்?
3. ரூம் வாடகைக்கு வரம்பு உண்டா? வரம்பைத் தாண்டின ரூம் எடுத்தா, வாடகை வித்தியாசத்தை மட்டும் நீங்க கட்டினா முடிஞ்சிடாது. டாக்டர் கட்டணம் உட்பட பல செலவுகளை அதே விகிதத்துல குறைச்சுத் தர்ற பாலிசிகள் உண்டு.
4. குழந்தைக்கு முதல் நாள்ல இருந்தே கவர் உண்டா? குழந்தையை என்.ஐ.சி.யூ.வில் வைக்க வேண்டி வந்தா, அந்தச் செலவு பிரசவ வரம்புக்குள்ளயா, தனியா?
5. குழந்தை பெயரை பாலிசியில் சேர்க்க எத்தனை நாள் அவகாசம்?

கணவன், மனைவி இரண்டு பேருக்கும் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தா, ஒண்ணுல வரம்பு முடிஞ்ச பிறகு மிச்சத்தை இன்னொண்ணுல கேட்க வழியிருக்கான்னு பாருங்க. அதுக்கு முதல் பாலிசியோட செட்டில்மென்ட் கடிதமும் பில் நகல்களும் வேணும். ஒரிஜினல் பில்லைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க.

5. ஒரே பில், இரண்டு கணக்கு

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். சிசேரியன் பில் 90,000 ரூபாய், இன்சூரன்ஸ்ல வராத கையுறை, பஞ்சு மாதிரி பொருட்கள் 6,000 ரூபாய்னு வைங்க. மொத்தம் 96,000. இன்சூரன்ஸ் வரம்பு 60,000. உங்க கைச்செலவு 36,000.

நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்னைக்கு உங்ககிட்ட இருக்க வேண்டியது 36,000. அட்மிஷன்ல அட்வான்ஸ் கட்டியிருந்தா அதுவும் இதில் கழியும்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரின்னா அதே நாள் 96,000 வேணும். 60,000 பின்னாடி வரும், ஆனா அந்த மாச வீட்டு வாடகையும் பைக் இ.எம்.ஐ.யும் அதுவரை காத்திருக்காது.

கடைசியில செலவு இரண்டுக்கும் ஒண்ணுதான். முதல் வீட்டுல நிம்மதி, இரண்டாவது வீட்டுல கிரெடிட் கார்டு, இல்லன்னா நகை அடகு. வித்தியாசம் தேதி மட்டும்தான். ஊருக்குப் போறதுன்னு முடிவானா, இந்த 60,000 ரூபாயை ஒன்பதாவது மாசத்துக்குள்ள சேமிப்புக் கணக்குல தயாரா வைங்க. வளைகாப்பு செய்யுங்க, வளையல் போடுங்க, நல்லா சாப்பாடு போடுங்க. அந்தச் செலவு மட்டும் இந்தப் பணத்துல கை வைக்கக் கூடாது.

செலவே சுமைன்னா, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம், சிசேரியனும் இலவசம். சென்னையில எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையும் இதுக்குன்னே இருக்கு. அதில் கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

6. ஓ.டி.பி. யார் போனுக்கு வரும்?

சிரிக்காதீங்க, இது நிஜப் பிரச்சினை. இன்சூரன்ஸ் அட்டை மனைவியோட ஆபீஸ் ஆப்பில் இருக்கும். ஓ.டி.பி. அவங்க போனுக்கு வரும். அவங்க பிரசவ அறையில இருப்பாங்க, போன் பைக்குள்ள, பூட்டித் திறக்கிற எண் யாருக்கும் தெரியாது. கவுண்டர்ல கணவர் நின்னுக்கிட்டு இருப்பார்.

அதனால எட்டாவது மாசத்துலயே இன்சூரன்ஸ் அட்டை, இரண்டு பேர் ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி, கணவர், அம்மா இரண்டு பேர் போனிலும் வைங்க. காகிதத்திலும் ஒரு செட். ஆஸ்பத்திரிகளுக்கு யு.பி.ஐ. வரம்பு 5 லட்சம் வரை உண்டுன்னாலும், உங்க வங்கி தனியா குறைஞ்ச வரம்பு வச்சிருக்கலாம். பார்த்துடுங்க.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் கம்பெனிகள்ல அப்பாவுக்கு லீவு சட்டப்படி கட்டாயம் இல்ல. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. உங்க லீவு பாக்கியை இப்போ செலவழிக்காம பிரசவ வாரத்துக்கு எடுத்து வைங்க.

7. பிறந்த பிறகு முதல் 21 நாள்

தமிழ்நாட்டுல கர்ப்பத்தை பிக்மி தளத்துல பதிவு பண்ணி, 12 இலக்க ஆர்.சி.எச். எண் வாங்கியிருக்கணும். பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கேட்பாங்க. வெளி மாநிலத்துல இருந்து பிரசவத்துக்கு வர்றவங்க இதைத்தான் அடிக்கடி மறந்துடுறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாலே வழி சொல்வாங்க.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் இல்ல. பெயர் முடிவாகலைன்னாலும் பதிவு பண்ணிடலாம், பெயரைப் பின்னாடி சேர்க்கலாம். பாலிசியில் குழந்தையைச் சேர்க்க, ஆதார் எடுக்க, செல்வமகள் கணக்கு தொடங்க, எல்லாத்துக்கும் இந்தச் சான்றிதழ் வேணும்.

அதுவரை யார் வந்து "குழந்தை பேர்ல ஒரு பாலிசி போடுங்க"ன்னு சொன்னாலும், அன்பா ஒரு காபி கொடுத்து அனுப்பிடுங்க. இந்த மூணு மாசத்துல புது முதலீடு, புது இ.எம்.ஐ. எதுவும் வேணாம். கையில காசா இருக்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

ஒரு தாள் எடுங்க. இடது பக்கம் தேதி, நடுவுல வர்ற பணம், வலது பக்கம் போற பணம். ஏழாவது மாசத்துல இருந்து குழந்தைக்கு மூணு மாசம் ஆகுற வரை எழுதுங்க. சம்பள நாள், லீவு ஆரம்பம், வாடகை, இ.எம்.ஐ., அட்மிஷன், டிஸ்சார்ஜ், கிளெய்ம் எதிர்பார்க்கிற நாள் எல்லாம் அதில் வரணும். எந்த வாரத்துல போற பணம் அதிகமா இருக்கோ, அந்த வாரத்தை மட்டும் வட்டம் போடுங்க. உங்க கவலை மொத்தமும் அந்த ஒண்ணு ரெண்டு வட்டத்துக்குள்ளதான் இருக்கும். அதுக்கு மட்டும் பணம் ஏற்பாடு பண்ணினா போதும்.

இதை மனைவி தனியா உட்கார்ந்து போட வேண்டாம். கணவர் எழுதட்டும், அவங்க காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு சொல்லட்டும். தாளை முடிச்சு பிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டு, போய்த் தூங்குங்க.