பூஜ்யம் என்றால் பிழையா?

மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் வலைப்பக்கமாக எழுதப்பட்ட ஓர் அகராதிச் செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளே அது சொற்பட்டியலை வலையிலிருந்து இறக்கிக் கைப்பேசியின் நினைவகத்தில் சேமித்துக்கொண்டது. மறுநாள் வலைத்தொடர்பு இல்லாத ஊரில் அதைத் திறக்கிறீர்கள். பட்டியல் கைவசம் இருக்கிறது. செயலி அதைப் படித்தும் விடுகிறது. ஆனால் திரையில் தோன்றுவதோ, 'கோப்பைப் பெற இயலவில்லை' என்ற அறிவிப்பு! இது எப்படி நேர்கிறது?

டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் முன்மொழிந்த வலையமைப்பில் இரு தரப்பினர் உண்டு. உலாவி கேட்கும், சேவையகம் கொடுக்கும். எச்.டி.டி.பி. நெறிமுறையின்படி சேவையகத்தின் பதிலோடு ஒரு மூன்றிலக்க நிலை எண்ணும் வரும். 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படியொன்று இங்கில்லை.

கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் கோப்பை நேரடியாகப் படிக்கும்போது சேவையகம் ஏது? எண்ணைத் தருவதற்கு எவரும் இல்லை. ஆகவே நிலை எண் தன் தொடக்க மதிப்பாகிய 0 ஆகவே நின்றுவிடுகிறது. நிரல் எழுதியவரோ, '200 வந்தால் வெற்றி, மற்றவை பிழை' என்று எழுதியிருப்பார். பிழை கோப்பிலும் இல்லை, நினைவகத்திலும் இல்லை. அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அப்படியானால் 0 வந்தாலும் வெற்றி என்று எழுதிவிடலாமே என்பீர்கள். அது இன்னும் ஆபத்து. வலைத்தொடர்பு அறுந்தாலும் 0 தான். பாதுகாப்பு விதியால் உலாவி தடுத்தாலும் 0 தான். தோல்வியை வெற்றியென்று நம்பிய செயலி, வெறுமையான பட்டியலைப் பழைய நல்ல பட்டியலின்மேல் எழுதிவிட்டால் இருந்ததும் போயிற்று.

இதே சிக்கலை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் சந்திக்கிறீர்கள். மீட்டர் சமனச்சுற்றில் கால்வனாமீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. சுற்று சமனிலையில் உள்ளதா, அல்லது எங்கேனும் கம்பி கழன்றுள்ளதா? முள்ளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தொடுசாவியைச் சற்று இடப்புறமும் பிறகு வலப்புறமும் வைத்துப் பார்ப்பீர்கள். விலக்கம் எதிரெதிர்த் திசைகளில் வந்தால்தான் அந்தப் பூஜ்யத்தை நம்பலாம். (கம்பி கழன்ற சுற்றில் 'சமனப்புள்ளி' கண்டு மகிழும் மாணவர் ஆண்டுதோறும் உண்டு!)

நிரலிலும் இப்படி இரண்டாவது சான்று வேண்டும். முதலில் முகவரியைப் பாருங்கள். அது 'ஃபைல்' என்று தொடங்கினால்தான் 0-க்கு மன்னிப்பு, 'எச்.டி.டி.பி.' என்று தொடங்கினால் இல்லை. அடுத்து, கோரிக்கை முடிந்தபோது உலாவி எழுப்பியது 'லோட்' நிகழ்வா, 'எரர்' நிகழ்வா என்று பாருங்கள். கடைசியாக, வந்த உரை வெறுமையாக இல்லாமல் இறுதி அடைப்புக்குறிவரை முழுமையாக இருக்கிறதா என்று சோதியுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் ஏற்கலாம். ஜேகுவெரி என்னும் புகழ்பெற்ற நிரல் தொகுப்பின் மூலநிரலிலேயே, உள்ளூர்க் கோப்புக்கு எப்போதும் 0 தான் வரும் என்ற குறிப்புடன், 'லோட்' நிகழ்வில் வந்த 0-ஐ 200 ஆகக் கொள்ளும் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது.

இதைவிட நல்ல வழி, செயலிக்குள்ளேயே சேவையகம்போல் பதில் தரும் ஒரு பகுதியை வைத்துவிடுவது. கார்டோவா என்னும் செயலிக் கட்டமைப்பு, 2021-இல் வந்த தன் ஆண்ட்ராய்டு 10-ஆம் பதிப்பு முதல் இம்முறையையே இயல்பாகக் கையாளுகிறது. எண்ணைத் தர ஆள் வந்துவிட்டதால் ஊகத்துக்கு வேலையில்லை.

பள்ளிக் கணிப்பொறியில் நீங்களே இதைச் சோதிக்கலாம். ஒரு சிறு உரைக்கோப்பையும், அதைப் படிக்கும் வலைப்பக்கத்தையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். பக்கத்தை நேராகத் திறந்தால் குரோம் உலாவி அடுத்த கோப்பைப் படிக்கவிடாது. 'எரர்' நிகழ்வும் 0-உம் வரும். ஃபயர்ஃபாக்ஸும் 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பு முதல் அப்படியே. பிறகு பைத்தான் மொழியுடன் வரும் சிறு சேவையகத்தை அதே கோப்புறையில் இயக்கி, அதன் வழியாகப் பக்கத்தைத் திறந்து, இம்முறை நிலை எண் என்னவென்று குறித்துக்கொள்ளுங்கள். உரைக்கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.