இழந்த கையும் இயங்கும் தசைகளும்

எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்கூடங்களில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கிக் கையை இழப்போர் உண்டு. வட சென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1971-ஆம் ஆண்டிலேயே டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்காயங்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். கையை இழந்தோர் பலர் மருத்துவர்களாகிய எங்களிடம் தயக்கத்துடன் சொல்வது ஒன்று: இல்லாத விரல்களை மடக்குவதுபோல் தோன்றுகிறது என்பதே. இது மனக்கோளாறு அன்று.

விரல்களை மடக்கி நீட்டும் வலிய தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்களே மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. உங்கள் முன்கையை மறு கையால் பற்றிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தால் இது விளங்கும். மணிக்கட்டோடு கையை இழந்தாலும் அத்தசைகளில் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். மூளையின் கட்டளையும் அவற்றை வந்தடையும்.

இன்று கிடைக்கும் மின்விசைச் செயற்கைக் கைகள், தசை சுருங்கும்போது எழும் நுண்மின்சாரத்தைத் தோலின் மேலிருந்து உணர்கின்றன. அடுத்தடுத்த தசைகளின் மின்சாரம் அங்கே கலந்துவிடுவதால், ஒவ்வொரு விரலையும் தனித்து இயக்குவது கடினம்.

கருவிலுள்ள குழந்தையைக் காட்டும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் இங்கே உதவுகிறது. அது ஆழத்திலுள்ள தசையும் தடிப்பதை, நகர்வதைப் படமாகக் காட்டும். எந்த அசைவு எந்த விரலுக்குரியது என்பதைக் கணினி கற்றுக்கொண்டு செயற்கை விரலுக்கு ஆணையிடும். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2006-இல் இம்முறைக்கு 'சோனோமயோகிராபி' எனப் பெயரிட்டனர். 2017-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில், கையிழந்த இசைக்கலைஞர் ஒருவர் இவ்வகைக் கையால் பியானோவின் கட்டைகளைத் தனித்தனி விரலால் அழுத்திக் காட்டினார்.

எனினும் ஸ்கேன் கருவி சிறிது நகர்ந்தாலும் படம் மாறிவிடும். நாள் முழுதும் அணிந்து உழைப்பதற்கு ஏற்ற வடிவம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆகவே, அதற்காகக் காத்திருந்து இப்போது பொருந்தும் செயற்கைக் கையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்தக் கருவியாயினும் அதை இயக்கப்போவது எஞ்சிய தசைகளே. பயன்படுத்தாத தசை மெலியும். புண் ஆறி, மருத்துவர் இசைவு தந்தபின், இல்லாத விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவதாக எண்ணி, முன்கைத் தசையைச் சுருக்கித் தளர்த்துங்கள். முழங்கையையும் நன்றாக மடக்கி நீட்டுங்கள். உடனிருப்போர் முன்கையில் உள்ளங்கையை வைத்தால் தசை அசைவதை உணரலாம். அதை நோயாளியிடம் சொல்லுங்கள், ஊக்கம் பிறக்கும். வலியோ வீக்கமோ கூடினால் பயிற்சியை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.